மூன்று ஆறுகள், ஒரு கிராவல் சைக்கிள்: பிரான்ஸில் ஆறு நாளுக்கு எந்தப் பள்ளத்தாக்கு?

ஆறு நாள் லீவு, சொந்தமாக ஒரு கிராவல் சைக்கிள், பிரான்ஸில் ஆறும் குன்றும் பழைய ஊர்களும் சேர்ந்த ஓர் இடம். எங்கே போகலாம்? நான் பாரிஸ் பக்கம் குடியிருப்பதால், குளிர்காலம் முடியும்போது லண்டனிலிருந்தும் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்தும் நண்பர்கள் இந்தக் கேள்வியோடு போன் செய்வார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் மூன்று பெயர்களில்தான் வந்து நிற்கும்: தோர்தோன் ஆறு, லோத் ஆறும் அதில் வந்து சேரும் செலேயும், ஆர்தேஷ் மாவட்டத்து எய்ரியூ. மூன்றிலும் ஓட்டியிருக்கிறேன். தோர்தோனுக்கு இரண்டு முறை, எய்ரியூவுக்கு ஒரு முறை, செலேக்கு நான்கு முறை. என் பதில் என்ன என்பது இந்த எண்ணிக்கையிலேயே தெரிந்துவிடும். ஆனாலும் உங்களுக்கு வேறொன்று பொருந்தலாம். எது யாருக்கு, ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சைக்கிளைப் பற்றி. கிராவல் சைக்கிளுக்கு ரேஸ் சைக்கிள் போல வளைந்த ஹேண்டில்பார் இருக்கும். டயர் மட்டும் 40 முதல் 45 மில்லிமீட்டர் வரை அகலம். டிஸ்க் பிரேக், ஏற்றத்துக்கென்று இலகுவான கியர். தார் ரோட்டில் அலுப்பில்லாமல் போகும். ஜல்லியோ புல் முளைத்த வண்டித்தடமோ வந்தாலும் இறங்க வேண்டியதில்லை. பாறைமேல் குதித்து இறங்குகிற வேலை மட்டும் மவுண்டன் பைக்கினுடையது. அப்படியென்றால் கிராவல் சைக்கிளுக்கு உகந்த இடம் எது? ஒரே நாளில் தாரும் மண்ணும் மாறி மாறி வருகிற இடம். ஊர்களின் அழகை வைத்துத் தேர்ந்தெடுக்கப் போனால் முடிவே கிடைக்காது, மூன்று பள்ளத்தாக்கிலும் ஊர்கள் அவ்வளவு அழகு. நான் பார்ப்பது இரண்டைத்தான்: டயருக்கு அடியில் என்ன கிடக்கிறது, ஊருக்குள் எந்த வழியாகப் போய் நுழைகிறோம்.

தோர்தோன்: கோட்டைகளுக்காகப் போகலாம்

சார்லா என்ற ஊரைச் சுற்றியிருக்கும் தோர்தோன் பள்ளத்தாக்குக்கு நிகராக இத்தனை குறுகிய தூரத்தில் இத்தனை கோட்டைகளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆற்றின் வடகரையில் செங்குத்துப் பாறைமேல் பேனாக், தென்கரையில் அதை முறைத்துப் பார்த்தபடி கஸ்தெல்நோ. நூறாண்டுப் போரில் ஒன்று பிரெஞ்சு அரசன் பக்கம், மற்றொன்று பெரும்பாலும் ஆங்கிலேயர் பக்கம். நடுவில் ஓடும் ஆறுதான் எல்லை. கஸ்தெல்நோவின் மதில்மேல் நின்று எதிர்க்கரையைப் பார்த்தால் அந்தப் போரைப் பற்றிப் படித்ததெல்லாம் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடுகிறது. கொஞ்ச தூரத்தில் மிலாந்த் மாளிகை. பாடகியும் நடனக் கலைஞருமான ஜோசபின் பேக்கர் பல நாட்டுக் குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்த வீடு அது. 2021ல் அவரை, நாட்டின் பெருமக்களுக்கான நினைவிடமான பாரிஸ் பாந்தியோனில் வைத்து பிரான்ஸ் கௌரவித்தது. குன்றின் உச்சியில் தோம், 1281ல் அரசாணைப்படி கட்டிய மதில் நகரம். லா ரோக்-கஜாக்கில் வீடுகள் பாறைச் சுவரோடு ஒட்டிக்கொண்டே நிற்கின்றன. 1957 ஜனவரியில் அந்தப் பாறையின் ஒரு பகுதி சரிந்து வீடுகள்மேல் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். அதை அறிந்த பிறகு அந்த ஊரைப் பார்க்கிற கண்ணே மாறிவிடுகிறது.

இவ்வளவு இருந்தும் கிராவல் சைக்கிளோடு ஆறு நாள் என்றால் நான் இதைச் சொல்வதில்லை. இங்கே பார்க்க வேண்டியதெல்லாம் ஆற்றோர ரோட்டில் இருக்கிறது. லா ரோக்-கஜாக்கில் பாறைக்கும் தண்ணீருக்கும் இடையில் அந்த ரோடு அவ்வளவு ஒடுங்கிப் போகிறது. ஜூலை, ஆகஸ்டில் காரும் கேரவனும் சுற்றுலாப் பேருந்தும் அதே ரோட்டில். பின்னால் வரும் வண்டி எப்போது ஒதுங்கும் என்ற கவனத்திலேயே கோட்டை கண்ணில் படாமல் போய்விடும். சார்லாவிலிருந்து கசூலேஸ் வரை பழைய ரயில்பாதையைச் சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள், இருபது கிலோமீட்டருக்கு மேல். அருமையான பாதை, குழந்தைகள்கூட ஓட்டலாம். ஆனால் அது தார் போட்டது. அதற்குக் கிராவல் டயர் எதற்கு? ஓக் காட்டுக்குள் மண் வழிகளும் உண்டு. அவற்றில் போனால் கோட்டைகளை விட்டு விலகிப் போகிறீர்கள், கோட்டைக்குப் போனால் மண்ணை விட்டு விலகுகிறீர்கள். இரண்டும் ஒரே கோட்டில் வருவது அபூர்வம்.

வரலாறுதான் முதல் ஆசை, சைக்கிள் ஊர்விட்டு ஊர் போக ஒரு வண்டி மட்டும்தான் என்பவர்களுக்குத் தோர்தோன் பொருந்தும். மே மாதத்தில், அதுவும் காலை ஒன்பதுக்கு முன்னால் பேனாக்கில் ஏறிவிடுங்கள். சாதாரண டூரிங் சைக்கிள் போதும்.

எய்ரியூ: முதல்முறை போகிறவர்களுக்கு

ஆர்தேஷில் எய்ரியூ ஆற்றை ஒட்டி ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஒரு சின்ன ரயில் ஓடிக்கொண்டிருந்தது. 1968ல் அதை நிறுத்திவிட்டார்கள். அந்த வழித்தடம்தான் இன்றைக்குத் தோல்ச்சே வியா, மொத்தம் சுமார் 90 கிலோமீட்டர். ரோன் நதிக்கரையில் லா வூல்த்தில் தொடங்கி லெ ஷெலார் வரை வந்து, அங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை லமாஸ்த்ருக்கும், மற்றொன்று 1,050 மீட்டர் உயரத்தில் இருக்கும் சேன்-அக்ரேவுக்கும் போகிறது. நீராவி இன்ஜின் ஏறிய பாதை என்பதால் சரிவு எங்கேயும் மூச்சு வாங்க வைக்காது. தரை பெரும்பகுதி இறுக்கிப் போட்ட மெல்லிய ஜல்லி. கார் கிடையாது, கல்பாலங்களும் சுரங்கங்களும் உண்டு. சில பழைய ஸ்டேஷன் கட்டடங்களில் இப்போது சாப்பாடும் தங்குமிடமும் கிடைக்கின்றன.

நான் என் மனைவியோடு போனது இங்கேதான். அவள் அதற்கு முன் ஒரே நாளில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியதில்லை. லெ ஷெலார் வரை ஐம்பது கிலோமீட்டரை எய்ரியூவில் இரண்டு முறை இறங்கிக் குளித்துக்கொண்டே முடித்துவிட்டாள். ஆற்றின் இருபுறமும் மலைச்சரிவில் கல் அடுக்கிக் கட்டிய படிக்கட்டு நிலங்கள். ஒரு காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கின் பீச் பழத்துக்குப் பெரிய பெயர் இருந்தது. பல படிகள் இப்போது காடு பிடித்துக் கிடக்கின்றன. மேலே போகப் போகச் செஸ்ட்நட் மரங்கள். பேக்கரியில் செஸ்ட்நட் மாவு சேர்த்த ரொட்டியும், செஸ்ட்நட்டை அரைத்துச் சர்க்கரை சேர்த்துக் காய்ச்சிய இனிப்புக் களியும் வாங்கி ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டதை அவள் இன்னும் சொல்வாள்.

குறை என்று சொன்னால் ஒன்றுதான், ஆனால் பெரிய குறை. பாதை ஒன்றே ஒன்று. போன வழியே திரும்பி வர வேண்டும், இல்லையென்றால் தடத்தை விட்டு விலகி மலை ஏற வேண்டும். ஷலான்சோன் போன்ற மதில் ஊர்கள் ஆற்றிலிருந்து பல நூறு மீட்டர் மேலே இருக்கின்றன. ரயில் அங்கே போனதே இல்லை. மெதுவான சரிவில் பழகிய கால் திடீரென்று அந்த ஏற்றத்தில் திணறிப்போகும். மூன்று நாளுக்கு எய்ரியூ மிக நல்லது. நான்காம் நாள் அடுத்து என்ன என்று வரைபடத்தை விரிக்கத் தோன்றும். இன்னொன்று, எய்ரியூ பள்ளத்தாக்குக்குப் பயணிகள் ரயிலே கிடையாது. வலான்ஸில் இறங்கி, ரோன் நதியோரச் சைக்கிள் பாதையான வியாரோனாவில் தெற்கே ஓட்டித்தான் லா வூல்த்தை அடைய வேண்டும். அது கஷ்டமான வேலை இல்லை, ஒரு காலைப் பொழுது ஆகும்.

அவேரோன் ஆற்றையும் சிலர் கேட்பார்கள். பெல்காஸ்தெல், நஜாக், சேன்-அந்தோனன் எல்லாமே பார்க்க வேண்டிய ஊர்கள், நஜாக் கோட்டை ஒரு முகட்டின் முதுகில் நிற்பதை மறக்க முடியாது. ஆனால் ஏற்றங்கள் அங்கே கடுமை. சைக்கிளில் பை கட்டிக்கொண்டு ஆறு நாள் என்றால் கால் பழகியவர்களுக்கு மட்டும்தான்.

லோத்தும் செலேயும்

இனி என் பள்ளத்தாக்கு. கஓர் நகரிலிருந்து கிழக்கே லோத்தை ஒட்டி வந்தால், பூஸியேஸ் பக்கம் வடக்கிலிருந்து செலே வந்து கலக்கிறது. அங்கிருந்து ஃபிஜாக் நகரம்வரை செலேயின் கரையிலேயே போகலாம். நேராகப் போனால் கஓரிலிருந்து ஃபிஜாக் எண்பது கிலோமீட்டர்கூட இருக்காது. பயிற்சி உள்ளவர் ஒரே நாளில் முடித்துவிடுவார். ஆறு நாள் எதற்கு என்றால், இரண்டு ஆறுகளுக்கும் மேலே கிடக்கும் மேட்டு நிலத்துக்காக. அதை இங்கே கோஸ் என்கிறார்கள். சுண்ணாம்புக்கல் மேடு. மழை பெய்தால் தண்ணீர் தரையில் நிற்பதில்லை. கல்லின் வெடிப்புகளில் இறங்கி, அடியில் குகைகளாக ஓடி, பள்ளத்தாக்கில் ஊற்றாக வந்து விழுகிறது. அதனால் மேலே விவசாயம் அரிது, ரோடும் அரிது. ஆடு மேய்க்கும் வெள்ளைத் தடங்கள் மட்டும் சாந்து பூசாமல் கல் அடுக்கிய இடுப்புயரச் சுவர்களுக்கு நடுவே பல கிலோமீட்டருக்குப் போய்க்கொண்டே இருக்கும். குட்டை ஓக், ஜூனிப்பர் புதர், கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம் போட்ட வெள்ளை ஆடுகள். அந்த ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்க்கும்போது கண்ணாடி போட்ட வாத்தியார்கள் வரிசையாக நிற்பது போல் இருக்கும்.

இதில் சைக்கிளுக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். கீழே ஆற்றோரம் அதிகம் வண்டி போகாத தார் ரோடு. அதிலிருந்து நூற்றைம்பது, இருநூறு மீட்டர் ஏறினால் மேலே மண். இறங்கினால் மறுபடி ஆறு, ஊர், ரொட்டிக்கடை. களைத்துப் போன நாளில் கீழேயே இருந்துகொள்ளலாம். கால் துடிக்கிற நாளில் ஒரே பகலில் மூன்று முறை ஏறி இறங்கலாம். இரண்டு பேர் போனால் ஒருவர் கீழே, ஒருவர் மேலே போய் மாலையில் அடுத்த ஊரில் சந்திக்கலாம். தோர்தோனிலும் எய்ரியூவிலும் வழிதான் நம் நாளைத் தீர்மானிக்கிறது. செலேயில் காலையில் எழுந்து காபி குடித்தபிறகு நாம் தீர்மானிக்கலாம்.

ஊருக்குள் நுழைகிற விதமும் அதனாலேயே வேறு. காரில் வருகிறவர்கள் ஆற்றோரமாக வந்து, ஊருக்குக் கீழே வண்டியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கிறார்கள். கோஸிலிருந்து வருகிற நமக்கு முதலில் ஊர் தெரிவதே இல்லை. கல்லும் புதருமாகப் போய்க்கொண்டிருக்கும் தடம் சட்டென்று முடிந்து, காலடியில் பள்ளம் திறக்கிறது. ஆழத்தில் ஆற்றின் வளைவு, அதன் ஓரத்தில் கூரைகள். இந்த வழியாகத்தான் நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக யாத்ரீகர்கள் நடந்து வந்தார்கள். ஸ்பெயினின் சந்தியாகோவுக்குப் போகும் பாதைகளில் ஒன்று ஃபிஜாக் வழியாகக் கஓருக்குப் போகிறது, அதன் ஒரு கிளை செலேயை ஒட்டியே வருகிறது. தோளில் மூட்டையோடு வருகிறவர்களை இன்றும் தினமும் பார்க்கலாம். அவர்களுடைய தடத்தில் சைக்கிளை மெதுவாக்கி, "போன்ழூர்" சொல்லி, அவர்கள் ஒதுங்கிய பிறகு போவதுதான் மரியாதை.

பூஸியேஸில் ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத ஒரு துண்டுப் பாதைக்காக மட்டுமே இந்தப் பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுக்கலாம். லோத்தில் படகுகள் சரக்கு ஏற்றிப் போன காலத்தில், நீரோட்டத்தை எதிர்த்துப் போக அவற்றைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுப்பார்கள். இங்கே பாறை நேராக ஆற்றுக்குள் இறங்குவதால் இழுப்பவர் நடக்க இடமில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பாறையையே குடைந்து, தண்ணீருக்குச் சற்று மேலே ஒரு நடைவழி வெட்டினார்கள். அரைச் சுரங்கம் மாதிரி இருக்கும்: ஒரு பக்கமும் மேலேயும் கல், மறுபக்கம் திறந்த ஆறு. இந்த இடத்தில் சைக்கிளில் உட்காராதீர்கள், தள்ளிக்கொண்டே போங்கள். கூரை தாழ்வு, தரை ஈரம், தடுப்புச் சுவர் கிடையாது. தள்ளிக்கொண்டு போகும்போது சுவரைத் தொட்டுப் பாருங்கள். உளி விழுந்த கோடுகள் இன்னும் விரலுக்குத் தட்டுப்படுகின்றன. ஓரிடத்தில் நம் காலத்துச் சிற்பி ஒருவர் அந்தச் சுவரிலேயே நத்தைகளையும் நீர்ச்சுழிகளையும் நீளமாகச் செதுக்கியிருக்கிறார். கல்லுக்குள் உறைந்த பழைய கடல் வெளியே வந்த மாதிரி இருக்கிறது. இந்தக் கல் கடலடியில் உருவானதுதான்.

அந்தப் பாதையிலிருந்து நிமிர்ந்தால், ஆற்றுக்கு நூறு மீட்டர் மேலே பாறை நுனியில் சான்-சிர்-லபொப்பி. கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் 1950ல் இந்த ஊரைப் பார்த்து மயங்கி, வீடு வாங்கி, கோடைதோறும் வந்து தங்கினார். கோடையில் பகலில் இங்கேயும் கூட்டம்தான், மறைக்க மாட்டேன். இங்கே இரவு தங்குவதற்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மாலை ஆறு மணிக்குமேல் கார்கள் போய்விடும், கல்தெரு முழுக்க உங்களுடையது.

செலேக்குள் திரும்பியதும் காப்ரரே என்ற ஊர், அதன் மேலே பெஷ் மெர்ல் குகை. 1922ல் அந்த ஊர்ப் பையன்கள் ஊர்ந்து போய்க் கண்டுபிடித்தது. தோர்தோன் பக்கத்துப் புகழ்பெற்ற ஆதி ஓவியக் குகையான லாஸ்கோவின் அசலை 1963லேயே மூடிவிட்டார்கள், இப்போது தோர்தோன் போகிறவர்கள் பார்ப்பது நகல். பெஷ் மெர்லில் அசலையே பார்க்கலாம். உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி வைத்த இரண்டு குதிரைகள், அவற்றைச் சுற்றிக் கைகளின் அச்சு. சுமார் 29,000 ஆண்டுப் பழமை. வலப்பக்கக் குதிரையின் தலை வரும் இடத்தில் பாறையே குதிரைத் தலை போல நீண்டிருக்கிறது. வரைந்தவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் வரையத் தொடங்கியிருக்க வேண்டும். களிமண்ணில் காலடித் தடங்கள் இருக்கின்றன, சிறு வயதுக்காரர் ஒருவருடையவை. நான் அவற்றின் முன்னால் நின்றபோது யாரோடும் பேச வாய் வரவில்லை. ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு உண்டு. முன்பதிவு இல்லாமல் ஏறிப் போய் ஏமாறாதீர்கள். உள்ளே 12 டிகிரி. வேர்த்த சட்டையோடு நுழைந்தால் நடுங்கிவிடும், மாற்றுச் சட்டை ஒன்று பையில் மேலாக இருக்கட்டும்.

ஆற்றோடே இன்னும் மேலே போனால் மார்சியாக். பாதி இடிந்த மடம். கூரை போன பழைய கோயில் நடுக்கூடத்தில் வானம் தெரிகிறது. ரொக்கமதூர் என்ற பெரிய யாத்திரைத் தலம் ஒரு காலத்தில் இந்த மடத்துக்குச் சொந்தமாக இருந்தது. அன்றைக்கு அது யாரும் சீண்டாத ஒரு சிறு கோயில். மடத்தார் கவனிக்காமல் விட, தூல் ஊர் மடத்தார் போய் அமர்ந்துகொண்டார்கள். 1166ல் அங்கே கோயில் வாசலில் ஒரு சமாதி திறக்கப்பட்டு, உள்ளே இருந்தது புனித அமதூரின் உடல் என்று பேச்சுப் பரவியது. யாத்ரீகர்கள் குவிந்தார்கள், காணிக்கை குவிந்தது. அப்புறம் மார்சியாக் உரிமை கேட்டு வழக்குக்குப் போனது. அந்த இரண்டு தலங்களுக்கும் இடையே கோஸ் வழியாக ஒரு பகல் முழுக்க ஓட்டினால் இந்தக் கதை உடம்பிலேயே பதிந்துவிடும். என்னைக் கேட்டால் மொத்தப் பயணத்தின் உச்சம் அந்த ஒரு பகல்தான். வழியில் கல்லில் வெட்டிய சின்னச் சின்னக் குட்டைகள் வரும். நம்ஃபேஸ் என்ற துறவி, முன்பு சார்லமேன் அரசனின் படையில் இருந்தவர், ஆடுமாடுகள் தண்ணீரின்றித் தவிப்பதைக் கண்டு தன் கையாலேயே வெட்டினார் என்பது ஊர்க்கதை. தவளைச் சத்தம் கேட்டால் அருகில் ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். ரொக்கமதூரை ஒபித்தாலே என்ற சிற்றூர்ப் பக்கத்திலிருந்து அணுகுங்கள். பள்ளத்துக்கு அந்தப் புறப் பாறையில் வீடு, கோயில், கோட்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்பது முழுதாக ஒரே பார்வையில் கிடைப்பது அங்கிருந்துதான்.

டயர், தண்ணீர், சாப்பாடு

கோஸின் கல் கூர்மையானது. இரண்டாம் முறை போனபோது சைக்கிளை ரயிலில் கொண்டுபோகாமல் அங்கேயே வாடகைக்கு எடுத்தேன். கடையில் 35 மில்லிமீட்டர் டயர் மாட்டிக் கொடுத்தார்கள். "எல்லாரும் இதில்தான் போகிறார்கள்" என்ற பேச்சை நான் நம்பியிருக்கக் கூடாது. செலே கரையிலிருக்கும் எஸ்பன்யாக்குக்கு இறங்கும் சரிவில், ஊர் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், டயரின் பக்கச் சுவர் இரண்டு விரற்கடை நீளத்துக்குக் கிழிந்தது. டியூப் அந்தக் கிழிசல் வழியாகக் கொப்புளம் போலப் பிதுங்கியது. பையில் பழைய டயரில் வெட்டிய ஒரு துண்டு வைத்திருந்தேன். அதை உட்புறம் வைத்து, டியூபைப் பாதிக் காற்றில் அடைத்து, மெல்ல இறங்கி வந்தேன். அந்தத் துண்டு மட்டும் இல்லாவிட்டால் நடைதான். அதிலிருந்து என் கணக்கு: 42 மில்லிமீட்டருக்குக் குறையாத ட்யூப்லெஸ் டயர், உள்ளே சிறு ஓட்டைகளைத் தானே அடைக்கும் சீலன்ட் திரவம் போதிய அளவு, கூடவே ஒரு டியூப், ஒரு டயர்த் துண்டு. என் எடை 68 கிலோ. இரண்டரை பாருக்குக் கீழேயே காற்று வைக்கிறேன். கியரைப் பொறுத்தவரை, முன் பல்சக்கரத்திலும் பின் பல்சக்கரத்திலும் பற்களின் எண்ணிக்கை சமமாக வரும் ஒரு கியர் இருந்தால் பையோடு எந்த ஏற்றமும் ஏறிவிடலாம். எய்ரியூவுக்கு இதில் எதுவும் தேவையில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தண்ணீர்தான் கோஸின் உண்மையான பிரச்சினை. மேலே ஊற்றில்லை, கடையில்லை, நிழலும் குறைவு. ஏறும் முன் கீழே ஊரில் இரண்டு பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள், வெயில் நாளில் மூன்று. மேட்டு ஊர்களில் குழாய் தேடினால் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். பூச்செடிக்கு ஊற்ற அங்கே பெரும்பாலும் குழாய் இருக்கும். "நோன் பொத்தாப்ல்" என்று எழுதியிருந்தால் அது குடிக்க ஆகாது. ஜூலை, ஆகஸ்டைத் தவிர்த்துவிடுங்கள். மே நடுவிலிருந்து ஜூன் நடுவரை ஆர்க்கிட் பூக்கிற காலம், அதுவே சிறந்தது, செப்டம்பரும் நல்லது. இலையுதிர்காலத்தில் வேட்டை நடக்கும் நாட்களில் காட்டு வழியோரம் எச்சரிக்கைப் பலகை வைத்திருப்பார்கள். அன்றைக்கு ரோட்டிலேயே போங்கள், பளிச்சென்ற நிறத்தில் சட்டை போடுங்கள். புல் உரசிய கால்களை மாலையில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். லைம் நோய் இங்கே உண்டு.

சைவம் சாப்பிடுகிறவர்கள் லோத்திலும் தோர்தோனிலும் கொஞ்சம் முன்யோசனையோடு இருக்க வேண்டும். இது வாத்து நாடு. உருளைக்கிழங்கு என்று ஆர்டர் செய்தால் பெரும்பாலும் வாத்துக் கொழுப்பில் வறுத்துத்தான் வரும், பார்த்தால் தெரியாது. "சான் கிரெஸ் து கனார்" என்று சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். ரொக்கமதூர் ஆட்டுப்பால் சீஸ் உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன வட்டம். வால்நட் ரொட்டியில் வைத்துத் தேன் ஊற்றினால் மதியச் சாப்பாடே முடிந்துவிடும். ஆனால் பழைய முறைச் சீஸ்களில் பாலை உறைய வைக்க விலங்கின் ரென்னெட் சேர்ப்பார்கள் என்பதால், அதைத் தவிர்ப்பவர்கள் கடையில் கேட்டே வாங்க வேண்டும். மதியம் பன்னிரண்டரைக்குச் சின்ன ஊர்க் கடைகள் மூடினால் திறக்க மூன்று, நான்கு மணியாகும். திங்கட்கிழமை பல ரொட்டிக்கடைகள் திறப்பதே இல்லை.

ரயில் விஷயத்தில் லோத் தெளிவாக ஜெயிக்கிறது. பாரிஸ் ஓஸ்தர்லிட்ஸிலிருந்து துலூஸ் போகும் இன்டர்சிட்டி நேராகக் கஓரில் நிற்கிறது. ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். சைக்கிளைக் கழற்றாமல் தொங்கவிட 10 யூரோ, முன்பதிவு கட்டாயம். கொக்கிகள் சில மட்டுமே இருப்பதால் டிக்கெட்டோடு சேர்த்தே அதையும் எடுத்துவிடுங்கள். திரும்புவதற்கு ஃபிஜாக்கிலிருந்து பிரீவ் போய் ரயில் மாறலாம்.

இதையெல்லாம் வைத்து ஆறு நாளை நான் இப்படிப் பிரிப்பேன். திங்கள் ரயிலில் கஓர். சாயங்காலம் வலாந்த்ரே பாலம் பார்க்கலாம். 1308ல் தொடங்கி முடிக்கப் பல பத்தாண்டுகள் இழுத்ததால், கொத்தனார் சாத்தானோடு ஒப்பந்தம் போட்டு, கடைசியில் சல்லடையில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அவனை ஏமாற்றினார் என்று கதை கட்டிவிட்டார்கள். நடுக்கோபுரத்தின் மூலையில், கல்லைப் பிடுங்கப் பார்க்கும் குட்டிச் சாத்தான் சிலையை 1879 புதுப்பிப்பின்போது வைத்தார்கள். கண்ணைச் சுருக்கித் தேடினால் தெரியும். செவ்வாய் லோத்தை ஒட்டி பூஸியேஸ், இரவு சான்-சிர்-லபொப்பி. புதன் பெஷ் மெர்ல், அப்புறம் ஒரு முறை மேலே ஏறி மார்சியாக்கில் இறக்கம். வியாழன் கோஸ் வழியாக ரொக்கமதூர். வெள்ளி வேறு தடத்தில் திரும்பி எஸ்பன்யாக்; அங்கே பழைய கன்னியர் மடக் கட்டடத்திலேயே ஊராட்சி நடத்தும் எளிய தங்குமிடம் இருக்கிறது, மரச்சட்டமிட்ட மணிக்கோபுரத்துக்கு அடியில் தூங்கலாம்.

சனிக்கிழமை மட்டும் சீக்கிரம் எழுந்துவிடுங்கள். ஃபிஜாக்கில் அன்றைக்குச் சந்தை, காலையில் மட்டும். எஸ்பன்யாக்கிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம், ஆற்றோடே போகிற ரோடு. ஏழு மணிக்குக் கிளம்பினால் பனிமூட்டம் தண்ணீர்மேல் இருக்கும்போதே பாதி தூரம் வந்திருப்பீர்கள். சந்தையிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஷம்போலியோன் பிறந்த வீடு, எகிப்து எழுத்தை 1822ல் படித்துக்காட்டிய மனிதர். இப்போது உலக எழுத்துகளின் அருங்காட்சியகம். அதன் பின்னால் ஒரு முற்றத்தின் தரை முழுக்க, அந்த எழுத்தைப் படிக்க உதவிய ரொசெட்டா கல்லின் பெரிய நகலைக் கறுப்புக் கல்லில் பதித்திருக்கிறார்கள், மேலே நடந்து போகலாம். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஷூவில் ஒட்டியிருக்கும் வெள்ளை மண்ணைத் தட்டிவிட்டு ஏறுங்கள்.